பூச்சதுரங்கள் ஒரே அளவில் வர என்ன வழி?

கேள்வி: கட்டில் விரிப்புக்காக உல்லன் நூலில், குரோஷே கொக்கி ஊசியால் பூச்சதுரங்கள் (கிரானி ஸ்கொயர்) பின்னுகிறேன். நடுவில் பூ, சுற்றிலும் வெள்ளை. நாற்பது முடித்துவிட்டேன். தரையில் பரப்பிப் பார்த்தால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கிறது. சில கிண்ணம்போல் குழிகின்றன, சில கோணிக்கொள்கின்றன. இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒருவர், மாதம் 200 சதுரம் வாங்கிக்கொள்வதாகவும், நூலுக்கு 3,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். இந்த ஆர்டரை எடுக்கலாமா? – ஈரோடு வாசகி

பதில்: முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். உங்கள் சதுரங்கள் கோணுவதற்கும் அந்த மனிதர் பணம் கேட்பதற்கும் நீங்கள் நினைப்பதைவிட நெருக்கமான தொடர்பு உண்டு.

இப்போது சதுரத்துக்கு வருவோம். ஸ்கேலைத் தூக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு பக்கத்து ஸ்டிச்சுகளையும் எண்ணுங்கள். நன்றாக வந்த சதுரத்தில் நான்கும் ஒரே எண்ணாக இருக்கும். கோணுகிற சதுரத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் ஒன்று கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். அந்தத் தவறு அநேகமாகச் சுற்று தொடங்குகிற இடத்தில்தான் நடக்கும். மூன்று செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு மேலே ஏறுகிறோமே, அந்த மூன்று செயினே முதல் டபுள் குரோஷே, அதாவது முதல் உயர ஸ்டிச் என்று கணக்கு. அதை மறந்து அதே இடத்தில் இன்னொன்று போட்டால் ஒன்று கூடும். சுற்றை முடிக்கும்போது முனைகளை இணைக்கும் ஸ்லிப் ஸ்டிச்சை மூன்றாவது செயினில் போடாமல் பக்கத்து ஸ்டிச்சில் போட்டாலும் எண்ணிக்கை பிசகும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் சதுரம் லேசாகத் திருகினால், எல்லாச் சுற்றையும் ஒரே பக்கமாகவே போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். பூ முடிந்தபின் வெள்ளைச் சுற்றுகளில் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பின்னுங்கள். திருகல் நின்றுவிடும்.

குழிந்தால் ஸ்டிச் போதவில்லை. ஓரம் அலை அலையாக நெளிந்தால் ஸ்டிச் அதிகம். குழியும் சதுரத்தில் மூலைகளைப் பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் மூன்று டபுள், இரண்டு செயின், மறுபடி மூன்று டபுள் இருக்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டு செயினை ஒன்றாக்கிவிட்டால் மூலை இழுத்துக்கொள்ளும்.

உங்கள் பூவுக்கு எத்தனை இதழ் என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம். எட்டு இதழ் என்றால் கவலையே இல்லை. இதழ்களின் பின்னால், இதழுக்கு ஒன்றாகச் செயினால் எட்டு வளையங்கள் போட்டு, ஒன்றைவிட்டு ஒன்றை மூலையாக்குங்கள். மூலைக்கு நடுவில் வரும் வளையத்தில் மூன்று டபுள். அப்போது முதல் சதுரச் சுற்றில் பக்கத்துக்கு 9 டபுள் வரும். அடுத்த சுற்றில் ஸ்டிச்சுக்கு ஒன்றாகப் போட்டு, மூலையில் மட்டும் இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள் என்று போட்டால் 13. அதற்கடுத்து 17. இந்த 9, 13, 17-ஐ ஒரு தாளில் எழுதி நூல் டப்பாவில் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிச் சரிபார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரச்சினை ஆறு இதழ், ஐந்து இதழ்ப் பூக்களில்தான். பார்க்க அழகாக இருக்கும், வீடியோக்களில் அதிகம் வருவதும் அவைதான். ஆனால் ஆறை நான்கால் வகுக்க முடியாது. அதனால் சிலர் இரண்டு மூலைகளுக்கு நடுவில் ஒரு வளையமும், அடுத்த இரண்டு மூலைகளுக்கு நடுவில் வளையமே இல்லாமலும் பின்னிவிடுகிறார்கள். அது நீள்சதுரமாகத்தான் வரும், எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது. ஆறு இதழுக்குச் செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு இதழின் பின்னாலும் ஒரு வளையத்துக்குப் பதில் இரண்டு போடுங்கள். இரண்டு இதழுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு பிடி, இதழின் நடு ஸ்டிச்சின் தண்டில் பின்பக்கமாக ஒரு பிடி. இப்படிப் பன்னிரண்டு வளையம் கிடைக்கும். ஒன்று மூலை, இரண்டு பக்கம், மறுபடி ஒன்று மூலை. பக்கத்துக்கு 12 டபுள் வரும். பூ சற்றே சாய்ந்து உட்காரும், அது குற்றமில்லை. ஆனால் எல்லாச் சதுரத்திலும் மூலையை ஒரே இடத்தில் தொடங்குங்கள், அப்போதுதான் எல்லாப் பூவும் ஒரே பக்கம் சாயும். ஐந்து இதழ் என்றால் இரட்டித்தும் பயனில்லை, பத்தும் நான்கில் அடங்காது. அதற்குப் பூவின் பின்னால் இதழுக்கு நான்கு வீதம் இருபது சிங்கிள் குரோஷே (குட்டை ஸ்டிச்) கொண்ட வட்டச் சுற்று ஒன்று வேண்டும். பிறகு ஒவ்வொரு ஐந்தாவது ஸ்டிச்சிலும் ஒரு மூலை. அந்த ஒரே ஸ்டிச்சுக்குள் இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள். இடையிலுள்ள நான்கிலும் ஒவ்வொரு டபுள். பக்கத்துக்கு 8 வரும். இந்தச் சுற்றைத் தாண்டிக் குதிக்கச் சொல்லும் எந்த வீடியோவையும் நம்பாதீர்கள்.

வீடியோ என்றதும் இன்னொன்று. அமெரிக்கர்கள் டபுள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்பார்கள். பிரிட்டிஷ் டபுள் என்பது அமெரிக்க சிங்கிள், அதாவது குட்டை ஸ்டிச். நான் மேலே சொன்னதெல்லாம் அமெரிக்க முறை. பாதியை ஒரு வீடியோவிலும் மீதியை ஓர் அச்சுப் புத்தகத்திலும் பார்த்துப் பின்னியிருந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தும் சதுரம் சிறுத்துப்போகும். இவ்வளவு காலம் ஆகியும் இதை ஒழுங்குபடுத்த யாருக்கும் மனமில்லை. பேட்டர்னில் எந்த நாட்டு முறை என்று ஒரு வரி அச்சிடுவதில் என்ன நஷ்டம்?

ஊசியிலும் இதே கூத்துதான். அமெரிக்க எண், பழைய பிரிட்டிஷ் எண், மெல்லிய ஸ்டீல் ஊசிகளுக்குத் தனி எண் என்று மூன்று கணக்கு இருக்கிறது. கடையில் நாலாம் நம்பர் கேட்டால் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். நம்பரை விட்டுவிடுங்கள், மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். நடுத்தரக் கனமுள்ள உல்லனுக்கு 4 மி.மீ. ஊசி பொருந்தும். நாற்பது சதுரத்துக்கும் ஒரே ஊசி, ஒரே நூல். லேபிளில் 4 ப்ளை (நான்கு இழை) என்று போட்டிருந்தாலும் இரண்டு கம்பெனி நூல் ஒரே கனம் இருக்காது. சந்தேகம் வந்தால் ஸ்கேல்மேல் ஓர் அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். சுற்று எண்ணிக்கை வேறுபட்டால் நூல் வேறு.

முடித்த நாற்பதையும் பிரிக்க வேண்டாம். மூன்று குவியலாக்குங்கள். நடுத்தர அளவு அப்படியே இருக்கட்டும். சிறியவற்றைச் சுற்றி ஒரு வரிசை சிங்கிள் குரோஷே போடுங்கள். பெரியவற்றில் கடைசிச் சுற்றை மட்டும் பிரித்து 3.5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னுங்கள். எண்ணிக்கை தவறியவற்றை மட்டும், தவறிய சுற்றுவரை பிரிக்கத்தான் வேண்டும். அப்புறம் ஒரு பழைய தெர்மாகோல் பலகையில் சதுரம் வரைந்து, துருப்பிடிக்காத குண்டூசியால் மூலைகளை இழுத்துக் குத்துங்கள். உல்லன் என்று சொன்னாலும் உங்களுடையது அக்ரிலிக் (செயற்கை) நூலாகத்தான் இருக்கும். நீராவி இஸ்திரிப்பெட்டியை மேலே தூக்கிப் பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள். பெட்டி நூலைத் தொட்டால் பூ நசுங்கிப் பளபளத்துவிடும், திரும்ப மீளாது. இதற்கென்று ஆன்லைனில் ஆணி அடித்த மரப்பலகை விற்கிறார்கள், உங்களுக்கு அது தேவையில்லை.

இப்போது அந்த 3,000 ரூபாய். இந்த முறையில் ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். முன்பணம் கட்டுவீர்கள். மட்டமான நூல் வரும், சில சமயம் அதுவும் வராது. நீங்கள் கண் எரிய இரவில் உட்கார்ந்து பின்னி அனுப்புவீர்கள். "சைஸ் சரியில்லை, ரிஜெக்ட்" என்று பதில் வரும். என்ன சைஸ் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கே உங்கள் சதுரத்தில் நம்பிக்கை இருக்காது, அதனால் எதிர்த்துக் கேட்க மாட்டீர்கள். அவர்களுடைய வியாபாரம் உங்கள் சதுரத்தில் இல்லை, உங்கள் தயக்கத்தில் இருக்கிறது. இதனால்தான் எண்ணச் சொல்கிறேன். "பக்கத்துக்கு 17, நாலு பக்கமும் சரி பாருங்கள்" என்று சொல்லக் கூடியவரிடம் இந்தப் பேச்சு எடுபடாது.

நிஜமாகவே வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்க மாட்டார், அவர்தான் கொடுப்பார். நூலை அவரே தருவார், அல்லது நூலுக்கு உங்களுக்கு முன்பணம் தருவார். அவரிடம் கேளுங்கள்: எத்தனை சென்டிமீட்டர், பக்கத்துக்கு எத்தனை ஸ்டிச், எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பீர்கள், கூலி எந்த நாளில். எழுத்தில் வாங்குங்கள். இருவரும் ஒத்துக்கொண்ட மாதிரிச் சதுரம் ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம் இருக்கட்டும். கூலியைச் சதுரக் கணக்கில் கேட்டு மயங்காதீர்கள். ஒரு சதுரத்துக்கு 40 நிமிடம் ஆகிறது, 12 ரூபாய் தருகிறார் என்றால் மணிக்கு 18 ரூபாய்தான். குரோஷேயை இன்றுவரை இயந்திரம் பின்னுவதில்லை. பின்னலாடை மிஷினில் வருவது வேறு. கடையில் மலிவாகத் தொங்கும் ஒவ்வொரு குரோஷே துண்டும் யாரோ ஒரு பெண்ணின் கையால் பின்னியதுதான், அந்த மலிவு அவள் கூலியில் வெட்டியது. ஆந்திராவில் நரசாபுரத்து லேஸ் பெண்கள் வீட்டுக்குள் இருந்தே உலகத்துக்குப் பின்னினார்கள். நூலைக் கொடுத்துத் துண்டை வாங்கிப்போன ஏஜென்ட்டுகளின் கை பல தலைமுறையாக அவர்களுக்கும் சந்தைக்கும் நடுவில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து செய்தால் அது பொழுதுபோக்கு என்று நினைக்கிற வழக்கம் மாறவே இல்லை, அரசு அலுவலகங்களிலும்தான். மத்திய ஜவுளி அமைச்சகம் கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை தருகிறது. அதை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் காசு கேட்கும் ஆளும் இதே ரகம்தான், அவருக்கும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏதாவது அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், அது சைபர் மோசடிக்கான உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்.

விரிப்பை இணைக்கும்போது சதுரங்களை ஸ்டிச்சுக்கு ஸ்டிச் சேர்த்துத் தையுங்கள், ஓரத்தை இழுத்துச் சமன் செய்யாதீர்கள். நடு வளையத்து வால் நூலை ஒட்ட வெட்டாமல் ஒரு சாண் விட்டு, ஒரு திசையில் நுழைத்து, மறுபடி எதிர்த் திசையில் நுழைத்து, அதன் பிறகு வெட்டுங்கள். ஒரே திசையில் நுழைத்தால் நாலு துவையலில் பூவின் நடு திறந்துகொள்ளும்.