அவரைக் கொடியில் ஊதிப்போன அசுவினிகள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சிகள். அவற்றில் சில ஊதி, வைக்கோல் நிறமாகி, அசையாமல் ஒட்டிக்கிடக்கின்றன. கொசுவைவிடச் சிறிய பூச்சிகளும் அங்கே திரிகின்றன. அவை என்ன? மருந்து அடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். உங்கள் கொடியில் ஒட்டுண்ணிக் குளவிகள் வேலையைத் தொடங்கிவிட்டன. தாய்க் குளவி வயிற்றை முன்பக்கமாக வளைத்து அசுவினியைக் குத்தி, உள்ளே ஒரு முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். மிஞ்சும் தோல்தான் நீங்கள் பார்த்த ஊதிய கூடு. மனிதர்களைக் கொட்டுமோ என்று அஞ்ச வேண்டாம்.

பறக்கும் குளவியை அடையாளம் காண்பது கடினம். கூட்டிலிருந்து தொடங்குவதே என் வழி. துளை விழாத கூடுகள் உள்ள இலையைக் கிள்ளி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். சில நாட்களில் குளவி வட்டமாகக் கத்தரித்து வெளியே வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். ஒடுங்கிய இடையும் நீண்ட உணர்கொம்பும் இருந்தால் குளவி; ஈக்கு இடை ஒடுங்காது. உணர்கொம்பு நூல்போல நீண்டிருந்தால் பிராக்கானிட் குடும்பம், உங்கள் நண்பன். முழங்கைபோல மடிந்து, உடல் உலோகம்போலப் பச்சையாக மின்னினால் பெரும்பாலும் அந்த நண்பனையே தின்று வளர்ந்த இன்னொரு குளவி! அது வெளியேறிய துளையின் விளிம்பு பிய்ந்திருக்கும். இனத்தின் பெயர்வரை போக நுண்ணோக்கி வேண்டும். தோட்டத்துக்குக் குடும்பம் தெரிந்தாலே போதும்.

இந்தச் சிறு உயிர்களின் பலத்துக்கு உங்கள் ஊரிலேயே சான்று உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளியையும் நாசமாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்தது, பெங்களூரு ஹெப்பாளில் இன்று தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் என்று அழைக்கப்படும் அமைப்பு. குளவிகள் பரவிய இடங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

உயிருள்ள அசுவினி மிகுந்தால் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். கூடுகள் ஒட்டியே இருக்கும். மஞ்சள் ஒட்டுப்பொறி குளவிகளையும் கொல்லும், கழற்றிவிடுங்கள். கொத்தமல்லி, சப்சிகே கீரை (சதகுப்பை) இரண்டிலும் சில செடிகளைப் பூக்க விடுங்கள். அந்தச் சிறு பூக்களின் தேன் குளவிக்கு எட்டும். எறும்புச் சாரை ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் குளவிகளை விரட்டும். பந்தல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, கொடி சுவரைத் தொடாமல் ஒதுக்கிக் கட்டுங்கள்.