சுருட்டு பிடித்தால் சிஆர்பி ஏன் கூடுகிறது?

ரங்கூனில் தினமும் சுருட்டு பிடிப்பவருக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை. ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி கொஞ்சம் கூடுதல். புகைதான் காரணமா என்பது கேள்வி. அப்படி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சிஆர்பி என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்கே அழற்சி, அதாவது புண்ணுக்கோ தொற்றுக்கோ உடம்பு காட்டும் எதிர்ப்பு, இருந்தாலும் பெரும்பாலும் இதன் அளவு ஏறும். புகை நுரையீரலையும் ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. அங்குள்ள காவல் செல்கள் தகவல் அனுப்ப, கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. வெள்ளை அணுக்களும் கூடும். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனும் கூடும். என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது இந்த ஃபைப்ரினோஜனுக்குத்தான்.

நம் தெரு நாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்நியர் ஒருமுறை வந்து போனால் குரைத்துவிட்டு அடங்கிவிடும். அதே ஆள் நாளுக்கு இருபது முறை வந்தால்? உறுமல் ஓயவே ஓயாது.

புகையால் வரும் ஏற்றம் பெரும்பாலும் சிறியதுதான். இதய ஆபத்தைப் பார்க்கும் நுண்ணிய பரிசோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது, 3-க்கு மேல் ஆபத்து அதிகம். 50, 100 என்று வந்தால் புகையைச் சொல்லி விட்டுவிடாதீர்கள். தொற்று இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

சரி, விட்டுவிட்டால்? வெள்ளை அணுக்கள் சில வாரங்களில் இறங்கத் தொடங்கும். சிஆர்பி இறங்க வருடங்கள்கூட ஆகலாம்.

அப்புறம், “சிஆர்பி சரியாக இருக்கிறது, புகையை உள்ளே இழுப்பதும் இல்லை, எனக்கு ஒன்றுமில்லை” என்பார்கள் சிலர். வாய்ப்புற்றுநோயை இந்தப் பரிசோதனை காட்டாது. சுருட்டுப் புகை வாயோடு நின்றாலும் அது வரலாம்.