அட்ரஸ் கேட்கிற வேலைதானா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு ஆள் எடுப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். வண்டியில் போவதைவிட கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் வேலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவோ, "போன் எடுத்து அட்ரஸ் கேக்குறதுக்கு எதுக்கும்மா டிகிரி, பயிற்சியெல்லாம்?" என்கிறார். இதில் கற்றுக்கொள்ள உண்மையில் என்ன இருக்கிறது? இன்னொன்று, யாராவது அழுதால் எனக்கும் அழுகை வந்துவிடும். நான் இதற்குச் சரிப்பட்டு வருவேனா?

வாசகி, அரியலூர் மாவட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா சொன்ன அட்ரஸிலிருந்தே தொடங்குகிறேன். அதுதான் முதல் கேள்வி. வேறு எதுவும் கேட்பதற்குள் லைன் அறுந்துபோனாலும் இடம் தெரிந்திருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். தமிழ்நாட்டில் 2008இல் 108 சேவை தொடங்கியது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் அழைப்புகள் கட்டுப்பாட்டு அறைக்கு வருகின்றன. ஒருவர் பதற்றத்தில் "புதூருக்கு வாங்க" என்கிறார். எந்தப் புதூர்? மாவட்டத்துக்கு மாவட்டம் புதூர் இருக்கிறது, புதுப்பட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் விபத்தைப் பார்த்து அழைக்கும் வெளியூர்க்காரருக்குத் தான் நிற்கும் இடமே தெரியாது. கடைசியாக எந்த டோல்கேட்டைத் தாண்டினீர்கள், எதிரில் கடை போர்டு இருந்தால் அதில் என்ன ஊர் எழுதியிருக்கிறது, கிலோமீட்டர் கல் கண்ணில் படுகிறதா என்று கேட்டுக் கேட்டு இடத்தைப் பிடிக்க வேண்டும். மாவட்டம், தாலுகா, பஸ் ரூட் எல்லாம் மனதில் இருந்தால்தான் அந்தக் கேள்விகள் சட்டென்று வரும்.

இடம் கிடைத்ததும் வண்டியை ஒதுக்கும் வேலை தொடங்கிவிடும். பேச்சு அப்புறமும் தொடரும். "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்காங்க, வண்டியை அனுப்ப மாட்டேங்கிறாங்க" என்று அழைப்பவர் கொதிப்பார். "வண்டி வந்துக்கிட்டு இருக்கு, நான் கேக்குறதால லேட் ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இனிமேல் வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

ஒரு வீட்டில் பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். "மூச்சு இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு, குறட்டை விடுறாரு" என்று மகன் சொல்கிறார். இந்த இடத்தில்தான் பயிற்சி பெற்ற காது வேண்டும். இதயம் நின்றுபோன முதல் சில நிமிடங்களில் பலருக்குக் குறட்டை போல, விக்கல் போல ஒரு இழுப்பு வரும். பார்ப்பவர்களுக்கு அது மூச்சாகத் தெரியும். அது மூச்சே அல்ல. "அவர் ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் 'இப்போ'ன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓர் 'இப்போ'வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தால் யோசிக்க நேரமில்லை. கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், போனை ஸ்பீக்கரில் போடுங்கள், நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள், அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். 5 சென்டிமீட்டராவது நெஞ்சு இறங்க வேண்டும். இது நடக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வண்டி வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் அந்த வீட்டில் இருக்கும் ஒரே உதவி உங்கள் குரல்தான். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில், 1980களின் தொடக்கத்திலேயே இப்படிப் போன் வழியாக நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

செய்யக்கூடாததைத் தடுப்பதும் இதே அளவு முக்கியம். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றுவார்கள், வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். அவர்களைத் திட்டாமல், அதே நேரம் உறுதியாக, "வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அழுகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களை நான் தயங்காமல் அனுப்புவேன். அழுகை வராதவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைக்கும் வேலை அல்ல இது. அலறுகிறவரிடம் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே வாக்கியத்தை, அதே சொற்களில், அதே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்வது. "அம்மா, உங்க பையனுக்கு உதவணும், நான் சொல்றதைச் செய்யுங்க." மூன்றாவது நான்காவது முறையில் பெரும்பாலும் அலறல் இறங்கும். பயிற்சி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். ஆசிரியர் அழைப்பவராக நடித்துக் கத்துகிறார். பதில் சொல்ல வேண்டிய பெண்ணுக்கு முதலில் குரலே எழும்பவில்லை. அன்று மாலைக்குள் அவர் அந்தக் கத்தலுக்கு மேலாகக் கத்தாமல், அதற்குக் கீழே நிதானமாகப் பேசப் பழகியிருந்தார். இது பழக்கத்தில் வருவதுதான். சொல்ல வேண்டிய அடுத்த வாக்கியம் கையில் இருந்தால் அழுகை தானாகத் தள்ளிப்போகும்.

உங்களை வேறொன்று வாட்டும். வண்டி போய்ச் சேர்ந்ததும் போன் துண்டாகும், அடுத்த அழைப்பு வந்துவிடும். முந்தைய பெரியவர் பிழைத்தாரா என்பது பெரும்பாலும் தெரியவே வராது. அதை மனதில் போட்டுப் புதைக்காமல், ஷிஃப்ட் முடிந்ததும் கூட வேலை பார்ப்பவர்களிடம் பேசிவிடுங்கள். நேர்காணலிலேயே, கடினமான அழைப்புக்குப் பிறகு பேச யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் விலங்கியல் பட்டம் வண்டியில் போகும் மருத்துவ உதவியாளர் வேலைக்கும் வழக்கமாகக் கேட்கப்படும் தகுதிகளில் ஒன்றுதான். அதில் தேர்வாகிறவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று சுமார் 50 நாள் பயிற்சி இருக்கும். கட்டுப்பாட்டு அறைதான் ஆசை என்றாலும் அந்த வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். நெஞ்சை அழுத்திப் பார்த்த கைக்கு, போனில் சொல்லிக்கொடுப்பது எளிதாக இருக்கும். நடுவில் யாராவது சான்றிதழ் தருகிறோம், பணம் கட்டினால் 108இல் வேலை உறுதி என்று சொன்னால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அறிவிப்பில் இருக்கும் தேதியில், அசல் சான்றிதழ்களோடு நேராக முகாமுக்குப் போங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.