புதிய அவுட்புட் வடிவத்துக்கான ஆவணத்தை ரிவ்யூ செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அவுட்புட்டை வேறு வடிவில் தரும் புதிய ஆப்ஷன் வருகிறது. கோட் எழுதியவர் வேறொருவர். ஆவணத்தை மட்டும் ரிவ்யூ செய்பவர் எழுத்துப்பிழை தவிர என்ன சொல்ல முடியும்?

எழுத்துப்பிழையை யாராவது பார்த்துவிடுவார்கள், விடுங்கள். கோடைத் திறக்காமல், ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த அவுட்புட்டைப் படிக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிப் பாருங்கள். "இது எப்படி வரும், ஓட்டித்தான் பார்க்க வேண்டும்" என்று எங்கே கை நிற்கிறதோ, அங்கே ஆவணத்தில் ஒரு வாக்கியம் குறைகிறது.

எனக்கு முதலில் கை நிற்பது வரி முடிவில். கிட் (Git) என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், கமிட்டுகளை, அதாவது பதிவு செய்த மாற்றங்களை, பட்டியலிடும் லாக் கட்டளைக்கு 'ஃபார்மட்', 'டிஃபார்மட்' என்று இரண்டு வடிவங்கள் உண்டு. முன்னது கமிட்டுகளுக்கு நடுவில் மட்டும் புதுவரி போடும், பின்னது ஒவ்வொன்றின் முடிவிலும் போடும். பேஜரில் (அவுட்புட்டைப் பக்கம்பக்கமாகக் காட்டும் நிரலில்) பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒருமுறை முன்னதை வைத்துக் கமிட் ஐடிகளை எடுத்து, ஷெல்லில் வொய்ல் ரீட் (while read) லூப் போட்டு வரிவரியாகப் படித்தேன். கடைசி வரிக்குப் பின் புதுவரி இல்லாததால் ரீட் அதைத் தோல்வி என்று சொல்லிவிட்டது, லூப்பும் அதோடு நின்றுவிட்டது. லாகில் கடைசி வரி என்றால் மிகப் பழைய கமிட். ரெப்போ தொடங்கிய கமிட்டே என் பட்டியலில் இல்லை! ஆவணத்தில் அந்த வித்தியாசம் எழுதித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அடுத்தது கோப்புப் பெயர். உதாரணங்களில் எப்போதும் இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர்தான் இருக்கும். ஒரு கோப்புக்கு 'அ' என்று பெயர் வைத்துவிட்டுக் கிட் ஸ்டேட்டஸ் (மாறிய, புதிய கோப்புகளைக் காட்டும் கட்டளை) கொடுங்கள். அமைப்பு எதையும் மாற்றாத கிட், மேற்கோளுக்குள் \340\256\205 என்று காட்டும். அந்த எழுத்தின் மூன்று யூடிஎஃப்-8 பைட்டுகள், எட்டின் அடிமானத்தில் (ஆக்டல்) எழுதியவை. இசட் (-z) ஆப்ஷன் கொடுத்தால் மேற்கோள் போய்விடும், பெயர்கள் நல் (NUL) பைட்டில், அதாவது மதிப்பு பூஜ்யமான பைட்டில், முடியும். அதோடு விட்டால் பரவாயில்லை. ஸ்டேட்டஸ் ஸ்கிரிப்டுகளுக்கென்று தரும் முதல் வடிவத்தில் (போர்சலின் என்று பெயர், கீழே வருகிறது), பெயர் மாற்றிய கோப்புக்குப் பழைய பெயர், அம்புக்குறி, புதிய பெயர் என்று வருவது, இசட் சேர்ந்ததும் புதியது முன், பழையது பின் என்று தலைகீழாகும். ஆவணத்தில் இல்லாவிட்டால் இதை யார் ஊகிப்பார்கள்? ஆகவே புதிய ஆப்ஷன் மற்ற ஆப்ஷன்களோடு சேரும்போது என்ன ஆகும் என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், இந்த வடிவம் நாளைக்கும் இப்படியே இருக்குமா? கிட் ஸ்டேட்டஸின் போர்சலின் ஆப்ஷன், பதிப்பு மாறினாலும் பயனரின் அமைப்பு மாறினாலும் வடிவம் மாறாது என்று வாக்குக் கொடுக்கிறது. (மனிதர்களுக்கான கட்டளைகளைத்தான் கிட்டில் போர்சலின் என்பார்கள். ஸ்கிரிப்டுக்கான ஆப்ஷனுக்கும் அதே பெயர். யார் யோசனையோ.) கூடுதல் விவரம் தேவைப்பட்டபோது பழைய வடிவத்தைத் தொடாமல், 2016-இல் 2.11 பதிப்பில் இரண்டாவது வடிவத்தைத் தனியே சேர்த்தார்கள். உங்கள் ஆப்ஷனுக்கு அப்படி ஒரு வாக்கு உண்டா இல்லையா என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும். "இல்லை" என்றாலும் சரி.

நிறம், ஒப்பீட்டுப் பாதை (இருக்கும் கோப்புறையிலிருந்து எழுதும் கோப்புப் பாதை) போன்றவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். உதாரணங்களை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

குறிப்பு எழுதும்போது "தெளிவாக இல்லை" என்று நிறுத்தாமல் வாக்கியத்தையே எழுதிக் கொடுங்கள்: "ஒவ்வொரு பதிவும் நல் பைட்டில் முடியும், கடைசிப் பதிவும் அப்படியே." கோட் எழுதியவர் "அப்படி வராதே" என்று பதில் போட்டால், பெரும்பாலும் அடுத்துத் திருத்த வேண்டியிருப்பது கோடாகத்தான் இருக்கும்.