முன்தோல் அறுவை: கேளுங்கள், சொல்கிறேன்

பினாங்கில் டிரெசராக, அதாவது மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் என்று கூப்பிடாதீர்கள். சுன்னத் அறுவையில் கைப்பழக்கம் உண்டு, அதனால்தான் இந்தக் கேள்வி-பதிலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள்.

பிறை, 44 வயது: இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது. மாத்திரை மாற்றியதிலிருந்து முன்தோல் வெடித்து எரிகிறது. வெட்டச் சொல்கிறார்கள். களிம்பு போதாதா?

எந்த மாத்திரை தம்பி? எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் அது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும், அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று லேசில் வரும். டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். களிம்பு தொற்றை அடக்கும். ஆனால் வெடித்து ஆறி, வெடித்து ஆறி, வெள்ளையாகத் தடித்துப்போன தோல் களிம்புக்கு மசியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத் தேதி வாங்குங்கள், இல்லையென்றால் புண் ஆறாமல் இழுத்தடிக்கும். இன்னொன்று, தோலைப் பின்னால் தள்ளி அது அங்கேயே மாட்டிக்கொண்டால் விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள், நேரே எமர்ஜென்சி. வெட்கப்பட்டு மறைத்தால் நுனிக்கு ரத்தம் போகாது.

பாயான் லெப்பாஸ்: வலிக்குமா?

ஊசி சுருக்கென்று இருக்கும். அப்புறம் இழுப்பது தெரியும், வலி தெரியாது. முதல் சில நாள் விடியற்காலையில் தானாக விறைக்கும்போது தையல் இழுக்கும், எழுந்து நாலு நடை நடங்கள், அடங்கிவிடும்.

பட்டர்வொர்த்: லாரி ஓட்டுகிறேன், தினச் சம்பளம். எம்சி (மருத்துவ விடுப்பு) எத்தனை நாள்?

இதுதான் நியாயமான கேள்வி. வலிக்குப் பயந்தவர்களைவிட சம்பளம் போகுமே என்று தள்ளிப்போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் என்று டாக்டர் புண்ணைப் பார்த்துத்தான் சொல்வார், ஆனால் லாரி, மூட்டை என்றால் ஒரு வாரமாவது கணக்கில் வையுங்கள். தாம்பத்தியம் ஆறு வாரத்துக்குக் கிடையாது. தையல் கரைந்து விழுந்தாலும் புண் முழுசாக ஆறியிருக்காது. மனைவியிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

செந்தூல்: அம்மா, ‘மதம் மாறிட்டியா’ என்று அழுகிறார்கள்.

அம்மாவை டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். தோலை எடுத்தால் யாரும் முஸ்லிம் ஆகிவிட மாட்டார்கள்.

ஈப்போ: அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நம் பழக்கமெல்லாம் போகிறது. நம் ஆட்களுக்கு எதற்கு?

வந்துவிட்டீர்களா! கென்யாவில் லுவோ இனத்துக்கு விருத்தசேதனம் வழக்கமே இல்லை, அது அடுத்த இனத்தின் அடையாளம், தேர்தல் மேடை வரைக்கும் கேலி பேசினார்கள். அங்கேயும் இதே வாதம்தான். ஒரு லுவோவான ரைலா ஒடிங்கா, பிரதமராக இருந்தபோது, இது மருத்துவம் என்று வெளிப்படையாக ஆதரித்தார். லுவோ ஆண்கள் நிறையப் பேர் செய்துகொண்டார்கள், லுவோவாகவேதான் இருக்கிறார்கள். சிறுநீர் போக முடியாமல் ஒருவன் துடிக்கும்போது பண்பாடு பேசாதீர்கள் ஐயா.

ஈப்போ: கென்யா வேறு, மலேசியா வேறு. இங்கே பேர் கெட்டுப்போகும்.

யாரிடம்? நீங்களாகக் காட்டினால் ஒழிய யாருக்குத் தெரியப்போகிறது?

சுங்கை பூலோ: செய்தால் எய்ட்ஸ் வராதாமே?

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் பரிந்துரைத்தது எச்ஐவி அதிகமுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. மீதி? ஆணுறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

கிள்ளான்: வலிக்குமா?

மேலே படியுங்கள்.

ஜெலுத்தோங்: இணையக் கடையில் முன்தோலை எடுக்கும் வளையம் விற்கிறார்கள், வீட்டிலேயே...

வேண்டாம். மறுபடியும் வேண்டாம்.

பூச்சோங்: நர்ஸ் பெண்ணாக இருந்தால்?

ஆண் வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். ஆள் இருந்தால் ஏற்பாடு செய்வார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.