குழந்தைகள் பாதுகாப்பு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் இருந்தவள் நான். தமிழ்நாட்டில் நடைமுறை எப்படி என்பதை மட்டும் கேளுங்கள்.

மேடம், நான் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லி அழுதாள். முதலில் நன்றாக விசாரிக்கச் சொல்கிறார் தலைமை ஆசிரியர்.

விசாரிக்காதீர்கள் டீச்சர். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 19-வது பிரிவுப்படி, குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்தாலே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. அது உங்களுக்கும் உண்டு, அவருக்கும் உண்டு. நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் எங்கள் குழுவுக்கும் தகவல் வர வேண்டும். சித்தப்பா அதே வீட்டில் இருக்கிறாரா என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். அவளை அங்கே விடலாமா என்று குழு முடிவெடுக்க அது தேவை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அவளைப் பேசவைத்து செல்போனில் பதிவு செய்யாதீர்கள். ஆளாளுக்கு ஒரு தடவை கேட்டால் பிள்ளை வார்த்தை மாற்றிச் சொல்லும். குறுக்கு விசாரணையில் வக்கீல் பிடிப்பது அதைத்தான்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினால் என் பெயர் வெளியே வருமா?

பெயர் சொல்லாமலே பேசலாம். இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பூட்டிவிட்டு அம்மா வேலைக்குப் போகிறார். அப்பா குடி. புகார் கொடுக்கலாமா?

1098-க்குச் சொல்லுங்கள், ஆனால் தண்டனை வாங்கித்தர அல்ல. இளைஞர் நீதிச் சட்டம் 75-வது பிரிவு, பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே புறக்கணித்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அந்த அம்மா செய்வது அதுவா, இல்லை வேறு வழியில்லாமையா? வறுமையைக் குற்றமாக எழுதிப் பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன். மிஷன் வாத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கச் சொல்லுங்கள். அங்கன்வாடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1098-ல் பெயர் கேட்பார்களா?

மேலே சொல்லிவிட்டேன்.

தங்கைக்கு 17, பையனுக்கு 20. காதல்தான். போக்சோவில் உள்ளே போட்டுவிட்டார்கள், நியாயமா?

18 வயதுக்குக் கீழ் சம்மதம் செல்லாது, சட்டம் அவ்வளவுதான். ஆனால் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியொரு வழக்கை ரத்து செய்தது. பதின்வயதுக் காதலைத் தண்டிக்க வந்ததல்ல போக்சோ என்றது. நல்ல வக்கீலைப் பாருங்கள்.

அப்படியானால் வயதை 16 ஆக்கிவிடலாமே?

2023-ல் சட்ட ஆணையம் வேண்டாம் என்றது. எனக்கும் அதில் பாதி சம்மதம். 16 ஆக்கினால் 40 வயது டியூஷன் வாத்தியாரும் "அவள் சம்மதம்" என்பார். இருவருக்கும் வயது அருகருகே இருந்தால் மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

விலக்கு கொடுத்தால் பெற்றவர்களுக்கு என்ன மரியாதை?

ஐயா, வேறு சாதிப் பையன் என்றதும் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து, மாமன் தொட்டதை வீட்டுக்குள்ளேயே மூடிவைத்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். மரியாதையைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் படத்தை முகத்தை மறைத்து குரூப்பில் போடலாமா?

கூடாது. பள்ளி, தெரு, அப்பா பெயர் எதைச் சொன்னாலும் அடையாளம்தான். போக்சோ 23-வது பிரிவு பாயும். செல்போனைக் கீழே வையுங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்வது!

1098-க்கு...

பெயர் வேண்டாம். பேசுங்கள்.

விவாகரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கும்?

அது குடும்ப நீதிமன்றம். என் வேலை இல்லை.