வீட்டில் முழங்கால் பயிற்சி: தொலைவிலிருந்து கண்காணித்தால் போதுமா?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது. மதுரையில் வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இப்போது அருப்புக்கோட்டை அருகே எங்கள் ஊரில் இருக்கிறார். பிசியோதெரபிக்காக அடிக்கடி மதுரை சென்று வர அவரால் முடியவில்லை. காலில் சென்சார் பட்டை கட்டி வீட்டிலேயே பயிற்சி செய்தால், செயலி வழியாகக் கண்காணிப்பதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பட்டை அனுப்பும் அளவுகளை வாரத்தில் எத்தனை முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் பார்த்து, பயிற்சியை மாற்றித் தருவார்? இதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அந்தச் செலவு வீண்.

கனடாவின் கியூபெக்கில் 205 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், இதே அறுவை சிகிச்சைக்குப் பின் காணொலி வழியாகப் பயிற்சி பெற்றவர்கள், வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி பெற்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் தேறினார்கள். அங்கே திரைக்கு அப்பால் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார் என்பதை விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

தொடையில் ஒன்றும் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமாகக் கட்டப்படும் சென்சார்கள், தத்தம் சாய்வை அளந்து, அந்த வித்தியாசத்தை மூட்டின் கோணமாகக் காட்டுகின்றன. தொடங்கும்போது காலை நீட்டச் சொல்லி, அந்த நிலையையே பூஜ்யமாகப் பதிவுசெய்யும் கருவிகள் உண்டு. உங்கள் தாயாரின் கால் 10 டிகிரி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டால், கருவி அதையும் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டு, கால் முழுமையாக நீள்வதாகத் தினமும் நற்செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். எனவே, கெட்டியான கட்டிலில் காலை நீட்டிப் படுக்கவைத்து, முழங்காலுக்குப் பின்னே உள்ளங்கை தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்; இருந்தால் உடனே பிசியோதெரபிஸ்டிடம் தெரிவியுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. வீட்டார் பாசத்தோடு வைக்கும் அந்தத் தலையணையால் கால் நீளாமல் போனவர்கள் பலர். வைப்பதானால் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

காலைத் தூக்கும் பயிற்சியில் முழங்கால் தளர்ந்து மடங்குவதையும், குதிகாலை இழுத்து மடக்கும்போது இடுப்பைத் தூக்கி ஈடுகட்டுவதையும் பல கருவிகள் ஒரு முறை என்றே கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே, வாரம் ஒருமுறையாவது காணொலி அழைப்பில் செய்துகாட்டச் சொல்லுங்கள். கைப்பேசியைப் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் மடங்கும் கோணம் தெரியாது. சேலையும் நைட்டியும் மூட்டை மறைத்துவிடும் என்பதால், அந்த நேரத்துக்கு மட்டும் சுடிதார் கால்சட்டை அணியட்டும்.

செயலி காட்டும் எண்ணிக்கையை எட்டுவதற்காகக் கூடுதலாகச் செய்வதும் வேண்டாம். பயிற்சியால் வரும் வலி மறுநாள் காலைவரை நீடித்தாலோ வீக்கம் கூடினாலோ, பயிற்சியைக் குறைத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்டிடம் சொல்லுங்கள். வலி மாத்திரை எடுப்பவராக இருந்தால், பயிற்சிக்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு அது அமையுமாறு மருத்துவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கருவிகள் அறிய முடியாத ஆபத்துகளும் உண்டு. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் 108ஐ அழையுங்கள்.

உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தையும் அணுகிப் பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் பிசியோதெரபியும் அடங்கும். அவ்வப்போது ஒருவர் நேரில் வந்து மூட்டைத் தொட்டுப் பார்த்தால், பட்டை சொல்லும் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஆறாவது வாரத்தில் எப்பாடுபட்டாவது மதுரைக்கு அழைத்துச் சென்று அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழுவதற்கே மூட்டு ஏறத்தாழ 90 டிகிரி மடங்க வேண்டும். அதுவரை மடங்கவில்லை என்றால், மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை தேவைப்படலாம். பொதுவாக முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் அதில் நல்ல பலன் கிடைக்கும்.